சிடிஆர்ஐ, கிளினிக்கல்ட்ரயல்ஸ், சுகம்: சோதனை மருந்து தேடும் குடும்பத்துக்கு எது எவ்வளவு உதவும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வழக்கமான சிகிச்சை பலிக்காமல் போன நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஆற அமரப் படிக்க நேரம் இருக்காது.

இந்தியாவில் நடக்கும் ட்ரயல்களை, அதாவது புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளைத் தேட சிடிஆர்ஐ என்ற பதிவேடு. உலகம் முழுக்கத் தேட அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ். வெளிநாட்டு மருந்தை உள்ளே கொண்டுவர அனுமதி வாங்க, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவின் சுகம். மூன்றும் அரசுத் தளங்கள். மூன்றும் அவசியம். ஆனால் மூன்றில் எதுவும் மருந்தைக் கையில் கொடுக்காது. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம். அந்த நிறுவனத்திடம் கேட்டால் மதித்துப் பதில் சொல்வார்கள் என்றால் அது சிகிச்சை தரும் டாக்டருக்கு மட்டும்தான். இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு அமைச்சர் சிபாரிசு, கலெக்டர் மனு, ட்விட்டரில் வேண்டுகோள் என்று சுற்றுவதில்தான் வாரங்கள் ஓடிப்போகின்றன.

சிடிஆர்ஐ

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) தேசிய மருத்துவப் புள்ளியியல் நிறுவனம் 2007 ஜூலையில் தொடங்கிய பதிவேடு. 2009 ஜூன் 15 முதல் மருந்து ட்ரயல்களை இதில் பதிவது கட்டாயம். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். நடத்தி முடித்துவிட்டுப் பிறகு பதிவது செல்லாது. அதனால் ஒரு ஆஸ்பத்திரியில் "எங்களிடம் புது மருந்து ட்ரயல் இருக்கிறது" என்றால், முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். சிடிஆர்ஐ என்ற எழுத்துகள், ஆண்டு, மாதம், பிறகு ஆறு இலக்கம் என்றுதான் அது இருக்கும். எண்ணைச் சொல்லத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

தகவல் இருக்கிறது, தேடுவதுதான் பாடு. புது மருந்து ட்ரயல், முதுநிலை மாணவர்களின் ஆய்வேடு, ஆயுர்வேத லேகியம், பிசியோதெரபி, மருந்து கொடுக்காமல் வெறுமனே கவனித்துப் பார்க்கும் ஆய்வு எல்லாம் ஒரே பட்டியலில் கிடக்கும். மார்பகப் புற்றுநோய் என்று ஆங்கிலத்தில் அடித்தால், ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்கு எந்த மரப்பு ஊசி நல்லது என்ற ஆய்வும் வந்து நிற்கும். நோயின் பெயரை விட மருந்தின் மூலப்பெயரையோ நிறுவனம் வைத்த குறியீட்டு எண்ணையோ கொடுத்துத் தேடினால் குப்பை குறையும். உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று வடிகட்டித் தரும் வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு பதிவைத் திறந்ததும் தலைப்பிலிருந்து படித்துக்கொண்டு வர வேண்டாம். முதலில் 'முதுநிலை ஆய்வேடா' என்ற வரி. ஆம் என்றிருந்தால் உங்களுக்குத் தேவையானது அநேகமாக அதில் இல்லை. அடுத்து, டிசிஜிஐ (சிடிஎஸ்சிஓவின் தலைமை அதிகாரி) அனுமதி வரி. புது மருந்து என்று சொல்லிக்கொண்டு இந்த இடத்தில் 'பொருந்தாது' என்று இருந்தால் ஏதோ இடிக்கிறது. பிறகு சேர்க்கை நிலை. இது உலக அளவில் ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என்று இரண்டு வரியாக இருக்கும். உலக வரியில் 'திறந்திருக்கிறது' என்பதைப் பார்த்துவிட்டு ரயிலேறிப் போய், இந்தியச் சேர்க்கை முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய.

பலர் பார்க்கவே பார்க்காத இடம் நோயாளி எண்ணிக்கை. மொத்தம் எத்தனை பேர், அதில் இந்தியாவிலிருந்து எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 600, இந்தியாவுக்கு 40, மையங்கள் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்துக்கு மூன்று நான்கு இடம்தான். சென்னையில் நிரம்பியிருந்தாலும் நாக்பூரில் காலி இருக்கலாம். ஆரம்பக் கட்டம் என்றால் இடம் இன்னும் குறைவு: வேலூர் சிஎம்சியில் ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு நடந்த ஜீன் சிகிச்சை ஆய்வின் முதல் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியானபோது அதில் இருந்தவர்கள் 5 பேர்.

மையங்களின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எதிக்ஸ் கமிட்டி (நோயாளிகளின் நலன் கருதி ஆய்வுக்கு ஒப்புதல் தரும் குழு) பட்டியலும் இருக்கும். நீங்கள் போக நினைக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரே 'ஒப்புதல்' என்று இல்லாவிட்டால் அங்கே ஆள் எடுக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். பொதுமக்கள் தொடர்புக்கு என்று போட்டிருக்கும் எண் பெரும்பாலும் ட்ரயலை நடத்தித் தரும் ஒப்பந்த நிறுவனத்தின் அலுவலகமாக இருக்கும், அங்கிருந்து மெயில் போடுங்கள் என்று கைகாட்டிவிடுவார்கள். மையத்தின் எண்ணுக்கே போன் போட்டு, ஓபி முடிந்த மத்தியான நேரத்தில், ஸ்டடி கோஆர்டினேட்டரைக் கேளுங்கள். இடம் காலியா, அடுத்த நோயாளியை எப்போது எடுப்பார்கள் என்பது பெரிய டாக்டரைவிட அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

எங்கள் மதிப்பெண்: தகவலுக்கு ஐந்தில் நான்கு, தேடும் வசதிக்கு இரண்டு.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இதற்கு ஈடானது இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் எஸ்எல்சிடிஆர். சிங்கப்பூரில் டாக்டர் வழியாகச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் சிறப்பு அணுகல் வழியில் பதிவாகாத மருந்துக்கு விண்ணப்பிக்கலாம்.

கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ்

2000இல் திறந்தது, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன. தேடுவதற்கு இதைப் போல வசதியான தளம் வேறு இல்லை. நோய், மருந்து, நாடு, ஊர், ஊரிலிருந்து தூரம், வயது, கட்டம் எல்லாவற்றுக்கும் வடிகட்டி உண்டு. இந்தியாவை நாடாகக் கொடுத்துத் தேடி, கிடைத்த என்சிடி எண்ணை (இந்தத் தளம் தரும் பதிவு எண்) எடுத்துக்கொண்டு சிடிஆர்ஐக்குப் போய் 'இரண்டாம் நிலை எண்' என்ற வரியோடு ஒப்பிடுங்கள். பன்னாட்டு ட்ரயல் என்றால் இரண்டிலும் இருக்கும். எந்தப் பதிவின் தேதி புதியதோ அதை நம்புங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, 'நிலை தெரியவில்லை' என்ற குறிப்பு. முடிய வேண்டிய தேதி தாண்டி, இரண்டு வருஷத்துக்கு மேல் யாரும் வந்து உறுதிப்படுத்தாத பதிவுக்குத் தளமே இப்படிப் பெயர் வைக்கும். அதற்குப் பின்னால் போக வேண்டாம். இரண்டாவதுதான் பெரியது: அரசுத் தளத்தில் இருப்பதால் அரசு சரிபார்த்தது என்று அர்த்தம் இல்லை. ஆய்வின் விஞ்ஞானத் தகுதியைத் தாங்கள் சோதிப்பதில்லை என்று தளமே சொல்கிறது. நோயாளியிடமே லட்சக்கணக்கில் வசூலிக்கும் ஸ்டெம் செல் கிளினிக்குகளின் 'ஆய்வு'களும் இதே வரிசையில், இதே வடிவத்தில் இருக்கும். என்சிடி எண்ணைக் காட்டி நம்பவைப்பது அவர்களுடைய பழைய உத்தி.

இந்தத் தளத்தில் பலருக்குத் தெரியாத வசதி, ஆய்வு வகையில் 'விரிவுபடுத்திய அணுகல்' என்ற தேர்வு. ட்ரயலில் சேர முடியாதவர்களுக்கு நிறுவனம் மருந்து கொடுக்கும் திட்டங்கள் அதில் வரும். 'கிடைக்கிறது' என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். 'சந்தைக்கு ஒப்புதலாகிவிட்டது' என்றிருந்தால் இலவசக் கதவு மூடியாயிற்று, இனி விலைக்குத்தான். முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவுக்கான ரிஸ்டிப்லாம் 2021இல் இந்தியாவில் ஒப்புதல் பெறுவதற்கு முன்பு சில குழந்தைகளுக்குக் கருணை அடிப்படையில் கிடைத்தது, பிறகு விற்பனைக்கு வந்தது. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சையும் (நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்களையே மாற்றிப் புற்றுநோயைத் தாக்கவைப்பது) 2023 அக்டோபர் ஒப்புதலுக்கு முன்பு ட்ரயலில் மட்டும், இப்போது கட்டணத்தில். அதனால் மருந்து எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் கதவைத் தட்டுவதில் பயன் இல்லை.

ஐந்துக்கு நான்கரை. அரை மார்க் குறைத்தது அந்தக் கிளினிக்குகளுக்காக.

நிபந்தனைப் பட்டியலைப் படிப்பது எப்படி

ட்ரயல் கிடைத்துவிட்டது என்று கொண்டாடும் குடும்பம் அடுத்த வாரம் உடைந்துபோவது இங்கேதான். சேர்க்கும் நிபந்தனைகள், விலக்கும் நிபந்தனைகள் என்று இரண்டு பட்டியல். சேர்க்கும் பட்டியலில் எல்லாம் பொருந்த வேண்டும், விலக்கும் பட்டியலில் ஒன்றுகூடப் பொருந்தக் கூடாது. டாக்டர் பரிதாபப்பட்டு எதையும் தளர்த்த முடியாது. தளர்த்தினால் அது விதிமீறலாகப் பதிவாகும்.

கட்டி வகைப் புற்றுநோய் ட்ரயல்களில் திரும்பத் திரும்ப வருவது இவை. ஈகாக் என்ற உடல்திறன் அளவு 0 அல்லது 1, சிலவற்றில் 2 வரை. 1 என்றால் கடினமான வேலை முடியாது, ஆனால் நடமாடுகிறார், லேசான வேலை செய்கிறார். 2 என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார், சம்பாதிக்கும் வேலை முடியாது, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறார். படுத்த படுக்கையானவர்களைச் சேர்க்கும் ட்ரயல் மிக அபூர்வம். அதனால்தான் எல்லா கீமோவும் தோற்ற பிறகு தேடத் தொடங்குவது பலிப்பதில்லை. இரண்டாவது வகை சிகிச்சை தொடங்கும்போதே, உடம்பில் தெம்பு இருக்கும்போதே, இணையாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ரத்த அளவுகள்: நியூட்ரோஃபில் 1,500க்கு மேல், பிளேட்லெட் 1 லட்சத்துக்கு மேல், ஹீமோகுளோபின் பெரும்பாலும் 9க்கு மேல், பிலிருபின் இயல்பின் உச்சவரம்பைப் போல ஒன்றரை மடங்குக்குள், ஈரல் என்சைம்கள் இரண்டரை மடங்குக்குள், ஈரலில் பரவியிருந்தால் ஐந்து மடங்கு வரை. ட்ரயலுக்கு ட்ரயல் கொஞ்சம் மாறும். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறதே என்று முந்தின நாள் ரத்தம் ஏற்றிக்கொண்டு போவது பயன்படாது, சோதனைக்கு முந்தைய ஒன்று இரண்டு வாரங்களில் ரத்தம் ஏற்றியிருக்கக் கூடாது என்று பல ட்ரயல்களில் தனியாகவே எழுதியிருப்பார்கள்.

ஸ்கேனில் அளக்கத்தக்க கட்டி இருக்க வேண்டும் என்பது அடுத்தது. ரெசிஸ்ட் 1.1 என்ற அளவுமுறைப்படி சிடி ஸ்கேனில் 10 மில்லிமீட்டர், நெறிக்கட்டி என்றால் குறுக்களவில் 15 மில்லிமீட்டர். எலும்பில் மட்டும் பரவியவர்கள் இங்கே அடிபட்டுப் போவார்கள்.

அடுத்து இடைவெளி. முந்தைய மருந்தை நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரம், அல்லது அந்த மருந்தின் அரைவாழ்நாளை (உடம்பில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) போல ஐந்து மடங்கு காலம் ஆகியிருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில் பதற்றப்பட்டு யாரோ சொன்ன நாட்டு மருந்து, பப்பாளி இலைக் கஷாயம், கேரளாவிலிருந்து தருவித்த பொடி என்று கொடுத்துவிடுகிறார்கள். ஈரல் என்சைம் ஏறி, கிடைத்த இடம் போய்விடும். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் ரத்தத்தில் தெரியும், தெரியாவிட்டால் அதைவிட ஆபத்து.

மூளையில் பரவல், ஹெபடைடிஸ் பி, பழைய காசநோய் ஆகிய மூன்றும் நம் ஊரில் அடிக்கடி விலக்கும் காரணங்கள். ஆனால் 'சிகிச்சை தந்து அடங்கியிருந்தால் சேர்க்கலாம்' என்ற துணைவாக்கியம் பல ட்ரயல்களில் இருக்கும். வாக்கியத்தைக் கடைசிவரை படியுங்கள்.

கையில் இருக்க வேண்டிய கோப்பு

நோயாளியின் கதையை ஒரு பக்கத்தில் அடக்க வேண்டும். தேதிவாரியாக: எப்போது கண்டுபிடித்தது, எந்த மருந்து, எத்தனை சுற்று, எப்போது நிறுத்தினார்கள், நிறுத்தியது நோய் வளர்ந்ததாலா பக்கவிளைவாலா. இந்தக் கடைசிக் காரணம் டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் இருக்காது. டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 'தோற்ற சிகிச்சை'களின் எண்ணிக்கையை வைத்துத்தான் சேர்ப்பார்கள், பக்கவிளைவால் நிறுத்தியது சில ட்ரயல்களில் தோல்வியாகக் கணக்காகாது.

ஸ்கேனுக்குப் பிலிம் வேண்டாம், டைகாம் என்ற டிஜிட்டல் வடிவத்தில் குறுந்தட்டு அல்லது பென் டிரைவ் வேண்டும். செல்போனில் பிலிமைப் படம் பிடித்து அனுப்பினால் யாரும் அளக்க மாட்டார்கள். பயாப்சி பிளாக்கை (மெழுகில் பதித்த திசுத் துண்டு) முதலில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் நோய்க்குறியியல் பிரிவில் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். எல்லா பிளாக்கையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், ஒன்றாவது அங்கே இருக்கட்டும். கூரியரில் தொலைந்தால் மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டிவரும். கண்ணாடித் தகடாகக் கேட்டால் புதிதாக வெட்டிய சாயமேற்றாத தகடுகள், எத்தனை என்பதை ட்ரயல் மையத்திடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மரபணுச் சோதனை அறிக்கை இருந்தால் முழு பிடிஎஃப், முதல் பக்கம் மட்டும் போதாது.

நிறுவனத்திடம் கேட்பது

ட்ரயலில் இடம் இல்லை, அல்லது நிபந்தனை இடிக்கிறது என்றான பிறகுதான் கருணை அடிப்படை. 'ட்ரயலில் சேர முடியாதவர்' என்பதே இதற்கு முதல் நிபந்தனை. மற்றவையும் ஏறக்குறைய எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான்: உயிருக்கு ஆபத்தான நோய், வேறு சிகிச்சை இல்லை, மருந்தின் பாதுகாப்புக்கு ஓரளவு தரவு இருக்கிறது, ட்ரயலுக்குக் கையிருப்பு குறையாது, நோயாளியின் நாட்டுச் சட்டம் இடம் தருகிறது.

அமெரிக்காவில் 2016 டிசம்பர் சட்டம் ஒன்றின்படி, கடுமையான நோய்களுக்குப் புது மருந்து உருவாக்கும் நிறுவனங்கள் இதற்கான தங்கள் கொள்கையை வெளியிட்டாக வேண்டும். யாரைத் தொடர்புகொள்வது, வேண்டுகோள் கிடைத்தது என்று எத்தனை நாளில் பதில் வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் 'விரிவுபடுத்திய அணுகல்', 'கருணைப் பயன்பாடு', 'ஒப்புதலுக்கு முந்தைய அணுகல்' ஆகிய மூன்று பெயர்களில் ஏதோ ஒன்றில் தேடுங்கள். குடும்பம் போடும் மெயிலுக்கு 'உங்கள் டாக்டர் எழுதட்டும்' என்றுதான் பதில் வரும். எனவே மெயிலை நீங்கள் தயாரித்து டாக்டர் பெயரில், டாக்டரின் ஆஸ்பத்திரி மெயிலிலிருந்து போகச் செய்யுங்கள். ஓபியில் நூறு பேரைப் பார்க்கும் டாக்டரிடம் "எழுதிக் கொடுங்கள் சார்" என்பதற்கும், "எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம், திருத்திக் கொடுங்கள் சார்" என்பதற்கும் ஒரு மாத வித்தியாசம் இருக்கும்.

தலைப்பில் மருந்தின் பெயர், நோயின் பெயர், தனி நோயாளி வேண்டுகோள். உள்ளே வயது, பால், பெயரின் முதலெழுத்து (முழுப்பெயர் வேண்டாம்), நோயின் வகை, மரபணு மாற்றம், இதுவரையான சிகிச்சை, ஈகாக், கடைசி ரத்த அளவுகள், எந்த ட்ரயலில் எந்தக் காரணத்தால் சேர முடியவில்லை என்பது பதிவு எண்ணோடு. டாக்டரின் மருத்துவ கவுன்சில் பதிவு எண். முடிவில், ஒப்புக்கொண்டால் பக்கவிளைவுகளை உடனுக்குடன் அறிவிப்போம் என்ற உறுதி. உருக்கமான வரிகள் தேவையில்லை. எதிர்முனையில் படிப்பவர் ஒரு மருத்துவர், அவர் தேடுவது எண்களை.

நிறுவனம் மறுத்தால் எந்த அரசும் கட்டாயப்படுத்த முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்கும் அந்த அதிகாரம் இல்லை. தன்னிடம் வரும் வேண்டுகோள்களில் ஏறக்குறைய 99 சதவீதத்தை எஃப்டிஏ அனுமதிக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அவை நிறுவனம் ஏற்கெனவே சம்மதித்து வந்தவை. 2018இன் 'முயலும் உரிமை'ச் சட்டமும் நிறுவனத்தை வற்புறுத்துவதில்லை. சில சமயம் நிறுவனமே குலுக்கிப் போடும்: 2020இல் நோவார்ட்டிஸ், மேலே சொன்ன முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவுக்கான சோல்ஜென்ஸ்மா ஜீன் சிகிச்சையை அது ஒப்புதல் பெறாத நாடுகளின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, வருஷத்துக்கு 100 டோஸ் வரை, குலுக்கல் முறையில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதைப் பற்றி எழுந்த விமர்சனங்களில் எங்களுக்கு உடன்பாடு உண்டு. கிடைத்த குழந்தைகளின் வீட்டில் அந்த விமர்சனம் எடுபடாது என்பதும் தெரியும்.

நோயாளி அமெரிக்காவிலேயே வசிக்கிறார் என்றால் வழி சுலபம். டாக்டர் நிரப்ப வேண்டியது எஃப்டிஏ 3926 என்ற படிவம், முக்கால் மணி நேர வேலை. அதோடு நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதம். அவசரம் என்றால் போனிலேயே அனுமதி வாங்கிச் சிகிச்சையைத் தொடங்கி, 15 வேலைநாளுக்குள் படிவத்தைக் கொடுக்கலாம், எதிக்ஸ் குழுவுக்கு 5 வேலைநாளுக்குள் தெரிவிக்க வேண்டும். புற்றுநோய்க்கு 2019இல் தொடங்கிய 'புராஜெக்ட் ஃபெசிலிட்டேட்' என்ற உதவி எண்ணே இருக்கிறது. அங்கே இருக்கும் மகனோ மகளோ இந்த வழியில் மருந்தை வாங்கித் திருநெல்வேலிக்கு அனுப்ப முடியாது. அங்குள்ள டாக்டர் தன்னிடம் சிகிச்சை பெறும் நோயாளிக்குத்தான் கேட்க முடியும்.

இடையில் தேடித் தரும் சேவைகளில் நெதர்லாந்தின் மைடுமாரோஸ் நோயாளிகளிடம் பணம் வாங்குவதில்லை, மருந்து நிறுவனங்களிடம் வாங்குகிறது. ஆங்கிலத்தில் ட்ரயல் பதிவுகளைப் படிக்கச் சிரமப்படும் குடும்பங்கள் பயன்படுத்திப் பார்க்கலாம். யார் பணம் தருகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுகம், 12ஏ, சிடி-24

வெளிநாட்டில் ஒப்புதல் பெற்று இந்தியாவில் இன்னும் வராத மருந்துக்கு இரண்டு வழி.

ஒன்று, சொந்தப் பயன்பாட்டு இறக்குமதி. மருந்து விதிகளின் 36ஆம் விதி. இதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பயணி தன் பெட்டியில், தன் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவந்தால் 100 சராசரி டோஸ் வரை என்பது அளவு. கூரியரில் வந்தாலோ வேறொருவர் கொண்டுவந்தாலோ அந்தச் சலுகை இல்லை: இறக்குமதிக்கு முன்பே 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி அனுமதிச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும், அளவு டாக்டர் சீட்டுக்கு உட்பட்டு நியாயமானதாக இருக்க வேண்டும். பார்சல் ஏர்போர்ட்டுக்கு வந்த பிறகு விண்ணப்பிப்பது என்றால், 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து கிடங்கில் கிடந்து கெட்டுப்போகும்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம் மருந்துச் சீட்டு. 'தினம் இரண்டு' என்று எழுதினால் போதாது. மருந்தின் மூலப்பெயர், விற்பனைப் பெயர், பலம், ஒரு நாளுக்கு எத்தனை, எத்தனை நாளைக்கு, ஆக மொத்தம் எத்தனை மாத்திரை அல்லது குப்பி என்று பெருக்கிய எண் வரை வேண்டும். அந்த எண்ணும் விண்ணப்பத்தில் உள்ள எண்ணும் விற்பனையாளர் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒத்துப்போக வேண்டும். நம் ஊர் இனிஷியல் பழக்கத்தால் மட்டுமே பல நாள் வீணாகும்.

இரண்டாவது வழி அரசு ஆஸ்பத்திரி மூலம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரயல் விதிகளின்படி சிடி-24 விண்ணப்பம், சிடி-25 உரிமம். விண்ணப்பிப்பது குடும்பம் அல்ல, அரசு மருத்துவ அதிகாரி. கண்காணிப்பாளர் சான்றளிக்க வேண்டும். மருந்து தயாராகும் நாட்டில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். எங்குமே ஒப்புதல் இல்லாத, உண்மையிலேயே சோதனையில் இருக்கும் மருந்தை 12ஏ போட்டு வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த நிறுவனமும் அதை வீட்டு முகவரிக்கு அனுப்பாது.

அரிய நோய் என்றால் தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் சிறப்பு மையத்தில் பதிந்துகொண்டால் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. தமிழ்நாட்டுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. அந்தப் பட்டியலில் உள்ள நோய்க்குச் சொந்தப் பயன்பாட்டுக்கு வரும் மருந்துக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்க வரி கிடையாது. மாநில அல்லது மாவட்டச் சுகாதார அதிகாரியின் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பது தலைவலி.

சுகம் தளத்துக்கு ஐந்தில் மூன்று. விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தெரிகிறது, அது பெரிய முன்னேற்றம். ஆனால் நிறுவனங்களுக்காகக் கட்டியது, நோயாளியின் மகன் முதல்முறை உள்ளே போனால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே தெரியாது.

பணம் கேட்பவர்கள்

முறையான ட்ரயலில் சோதனை மருந்துக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை. ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, குறிப்பிட்ட ரத்த நோய்களுக்கான எலும்புமஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் ட்ரயலுக்கு வெளியே கொடுக்கக் கூடாதது. பேக்கேஜ் விலை சொல்லி, முன்பணம் கேட்டு, குணமானவர்களின் வீடியோ காட்டினால் அது ட்ரயல் அல்ல, வியாபாரம்.

வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு இம்யூனோதெரபி ஊசி வாங்கித் தருகிறேன் என்பவர்கள் இன்னொரு வகை. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பல், விலையுயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளை வாங்கி, பூஞ்சைக்குக் கொடுக்கும் மலிவு மருந்தை நிரப்பி விற்றுக்கொண்டிருந்தது. அதனால் குப்பியின் பேட்ச் எண்ணைப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிடுங்கள். அலுமினிய மூடியின் மடிப்பு சீராக இருக்கிறதா, ரப்பரில் ஊசித் துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி போட்ட பிறகு காலிக் குப்பியின் லேபிளைக் கிழித்து, உங்கள் கண்முன்னே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். நர்ஸ் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கையெழுத்துக்கு முன்

சம்மதப் படிவம் இருபது முப்பது பக்கம் இருக்கும். தமிழ்ப் பிரதி கேட்டால் கொடுக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கவும் விட வேண்டும். அதில் தேட வேண்டியது: ஒப்பீட்டுக் குழுவுக்கு (புது மருந்து பெறாதவர்கள்) என்ன கொடுப்பார்கள், அந்தக் குழுவில் விழுந்து நோய் வளர்ந்தால் பிறகு புது மருந்துக்கு மாற்றுவார்களா, எந்தெந்தச் சோதனைகளை 'வழக்கமான சிகிச்சை' என்று கணக்கிட்டு உங்கள் பில்லில் சேர்ப்பார்கள், போக்குவரத்துச் செலவு உண்டா.

ட்ரயலால் உடம்புக்குப் பாதிப்பு என்றால் ஸ்பான்சர் (ட்ரயலை நடத்தும் பொறுப்பை ஏற்ற நிறுவனம்) இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். ஆய்வு டாக்டர் தேவை என்று சொல்லும் வரை, அல்லது பாதிப்புக்கும் ட்ரயலுக்கும் தொடர்பில்லை என்று நிரூபணமாகும் வரை, இரண்டில் எது முந்தியதோ அதுவரை அது தொடர வேண்டும். மரணம் நேர்ந்து அது ட்ரயலால் என்று முடிவானால் இழப்பீட்டுக்குச் சூத்திரம் இருக்கிறது: 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதுக்கும் நோயின் தீவிரத்துக்கும் உரிய காரணிகளால் பெருக்கி 99.37ஆல் வகுப்பார்கள். சேரும்போதே 30 நாளுக்குள் மரணம் 90 சதவீதமோ அதற்கு மேலோ எதிர்பார்க்கப்பட்ட நிலை என்றால் 2 லட்சம் மட்டும். கசப்பான கணக்கு, ஆனால் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

கடைசியாக, மேலே சொன்ன 2019 விதிகளில் 27ஆம் விதி. மருந்து வேலை செய்கிறது, ட்ரயல் முடிந்துவிட்டது, அடுத்து? அந்த நோயாளிக்கு மாற்றுச் சிகிச்சை இல்லை, இந்த மருந்தால் பலன் இருக்கிறது என்று ஆய்வு டாக்டர் பரிந்துரைத்து, எதிக்ஸ் கமிட்டி ஏற்றுக்கொண்டால், ஸ்பான்சர் தொடர்ந்து இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதன் பிறகான விளைவுகளுக்கு ஸ்பான்சர் பொறுப்பல்ல என்று நோயாளி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். இதைப் பற்றி ட்ரயல் முடியும் வாரத்தில் கேட்டால் கமிட்டி கூடுவதற்குள் மாத்திரை தீர்ந்துவிடும். கையெழுத்துப் போடும் அன்றே கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.